மனநலப் பயிற்சி: சான்றிதழுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குப் போனால், சில தொழிலாளர்களின் தலைக்கவசத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். அவர்கள் மனநலம் படித்தவர்கள் இல்லை. ஒருவர் கம்பி கட்டுவார், இன்னொருவர் கிரேன் ஓட்டுவார். மனசு சரியில்லாதபோது இவரிடம் வந்து பேசலாம் என்பதற்கான அடையாளம்தான் அந்த ஸ்டிக்கர். 'மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்' என்ற அமைப்பு 2008-ல் தொடங்கிய ஏற்பாடு இது. கட்டடத் தொழிலில் இருக்கும் ஆண்களிடையே தற்கொலை அதிகம் என்று அங்குள்ள கிரிஃபித் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2006-ல் கண்டறிந்தது. அதன் பிறகு தொழிற்சங்கங்களும் நிறுவனங்களும் ஒன்றாக உட்கார்ந்து உருவாக்கியது.

இந்த ஏற்பாட்டில் மூன்று அடுக்குகள் உண்டு. சைட்டில் வேலை செய்யும் எல்லோருக்கும் சுமார் ஒரு மணி நேரப் பேச்சு. கூட வேலை செய்பவர் தடுமாறுவதை எப்படிக் கவனிப்பது, யாரிடம் சொல்வது என்பது அதில் வரும். அவர்களில் முன்வருகிற சிலருக்கு அடுத்த கட்டப் பயிற்சி. தற்கொலை எண்ணத்தில் இருப்பவரைத் தனியே விடாமல், உதவி கிடைக்கும் இடம்வரை பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர்கள் வேலை. இன்னும் சிலருக்கு இரண்டு நாள் பயிற்சி. இவர்கள் நெருக்கடியில் இருப்பவரோடு உட்கார்ந்து, உயிரோடு இருப்பதற்கான திட்டம் ஒன்றைப் போட்டுக் கொடுக்கக் கூடியவர்கள். இந்த மூன்று அடுக்குக்கும் பின்னால் சம்பளம் வாங்கும் முழுநேர ஆட்கள் இருக்கிறார்கள். சைட் சைட்டாகப் போய்வரும் களப்பணியாளர்கள், ஒவ்வொருவருடைய பிரச்சினையையும் கடைசிவரை பின்தொடரும் பொறுப்பாளர்கள், 24 மணி நேரத் தொலைபேசி என்று எல்லாம் உண்டு. குடும்பச் சண்டையா, கடனா, குடியா, எதுவாக இருந்தாலும் அதற்கான இடத்துக்கு அனுப்பி, போனாரா என்று விசாரிப்பார்கள்.

பணியிட மனநலப் பயிற்சி என்ற பெயரில் நம் ஊரில் நடக்கும் பல நிகழ்ச்சிகளை எடைபோட எனக்கு இந்த அமைப்பு ஒரு நல்ல அளவுகோலாகத் தெரிகிறது. காரணம், அந்த அமைப்பில் பயிற்சி என்பது முதல் படி மட்டும். பயிற்சி பெற்றவர் கைகாட்டுகிற இடத்தில் நிஜமாகவே ஓர் ஆள் இருக்கிறார். அந்த ஆள் இல்லாத இடத்தில் எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் அது பாதியில் நின்றுபோகும்.

முதலுதவி என்ற யோசனை

சாதாரண மக்களுக்கு மனநலத்தில் முறையான பயிற்சி கொடுக்கலாம் என்ற எண்ணத்தை உலகெங்கும் பரப்பியதும் ஆஸ்திரேலியாதான். செவிலியரும் பயிற்றுநருமான பெட்டி கிச்சனர், அவருடைய கணவரும் மனநல ஆய்வாளருமான டோனி ஜார்ம் இருவரும் கான்பெராவில் 2000-ல் 'மனநல முதலுதவி' திட்டத்தைத் தொடங்கினார்கள். கிச்சனர் தானே மனச்சோர்வோடு பல ஆண்டுகள் போராடியவர். மாரடைப்பு வந்தவருக்கு ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்ய வேண்டும் என்று பொதுமக்களுக்குச் சொல்லித்தருகிறோம். பீதியில் மூச்சுத் திணறுகிறவருக்கு, வாழப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லித்தருவதில்லையே என்பதுதான் அவர்களுடைய கேள்வி. இன்றைக்கு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தப் பயிற்சி நடக்கிறது.

பயிற்சியின் சாரம் எளிமையானது. அருகில் போய்ப் பேச்சைத் தொடங்கு, உயிருக்கு ஆபத்து இருக்கிறதா என்று பார். தீர்ப்புச் சொல்லாமல் கேள். தைரியம் சொல், சரியான தகவலைக் கொடு. மருத்துவ உதவிக்குப் போக ஊக்கப்படுத்து. குடும்பம், நண்பர்கள் என்று வேறு துணைகளையும் தேடச் சொல். படிக்கும்போது இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் நம் வீடுகளில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தூக்கம் வரவில்லை, எதிலும் நாட்டமில்லை என்று சொன்னதும் அடுத்த நொடியே அறிவுரை கிளம்பிவிடும். 'உனக்கு என்ன குறைச்சல்', 'கோயிலுக்குப் போய்ட்டு வா', 'எங்க காலத்துல நாங்க படாததா'. அன்போடு சொல்வதுதான். ஆனால் அதைக் கேட்டவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். பத்து நிமிடம் குறுக்கிடாமல் கேட்பது பழகினால் மட்டுமே வருகிற ஒரு திறமை. பயிற்சி உண்மையில் பழக்குவது அதைத்தான்.

இன்னொன்றும் இந்தப் பயிற்சிகளில் கிடைக்கும். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா என்று ஒருவரிடம் நேரடியாகக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்தது போலாகிவிடுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. அமைதியாக, நேரடியாகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை; பலருக்கு அது பெரிய ஆறுதலாகவே இருக்கிறது. இந்த ஒரு செய்தி மட்டும் எல்லாப் பெற்றோருக்கும், எல்லா ஆசிரியருக்கும், எல்லா மேஸ்திரிக்கும் போய்ச் சேர்ந்தால்கூடப் போதும் என்று நினைக்கிறேன்.

சரி, இதனால் பயன் இருக்கிறதா? பயிற்சி பெற்றவரின் அறிவு கூடுகிறது, மனநோய் குறித்த வெறுப்பு குறைகிறது, உதவி செய்யலாம் என்ற தன்னம்பிக்கை வருகிறது என்பதை ஆய்வுக்குப் பின் ஆய்வு சொல்கிறது. ஆனால் நாம் யாருக்காக இதையெல்லாம் செய்கிறோமோ, அந்தத் துன்பப்படுகிற மனிதருக்கு நிலைமை மேம்படுகிறதா என்பதற்குத் திடமான சான்று இன்னும் இல்லை. பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் வெளியிட்ட பரிசீலனையும், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023 அறிக்கையும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் வந்து நின்றன. இதனால் பயிற்சியே வீண் என்று ஆகிவிடாது. ஆனால் பயிற்சியோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு இது ஓர் எச்சரிக்கை.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஃப்ளெமிங் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சங்கடமானது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை அவர் அலசினார். மன உறுதிப் பயிற்சி, தியான வகுப்பு, தூக்கத்துக்கான செயலி, அழுத்தத்தைச் சமாளிக்கும் பட்டறை என்று நிறுவனங்கள் கொடுக்கும் தனிநபர் திட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்கும் கலந்துகொள்ளாதவர்களுக்கும் இடையே நலனில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. தன்னார்வத் தொண்டுக்கு வாய்ப்புக் கொடுத்தது மட்டும் விதிவிலக்கு. இது ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு. முன்னும் பின்னும் ஒப்பிட்டதல்ல. ஆகவே இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. இருந்தாலும், வேலையை அப்படியே வைத்துக்கொண்டு வேலை செய்கிறவரை மட்டும் பழுதுபார்க்க நினைத்தால் பெரிதாக எதுவும் மாறாது என்ற சந்தேகத்தை அது பலமாக்குகிறது.

காரணம் வேலையிலேயே இருந்தால்

அந்தச் சந்தேகத்துக்கு மிகக் கொடுமையான சாட்சி பிரான்ஸ் டெலிகாம் வழக்கு. அரசுத் துறையாக இருந்து தனியார்மயமான அந்த நிறுவனம், சுமார் 1,20,000 பேரில் 22,000 பேரைக் குறைக்கத் திட்டமிட்டது. பெரும்பாலானோர் அரசு ஊழியர் தகுதி உள்ளவர்கள். நேரடியாக வேலையை விட்டு நீக்க முடியாது. அதனால் அவர்களே வெறுத்துப் போய் வெளியேறும்படி செய்தார்கள். தூர ஊருக்கு மாற்றினார்கள். பல ஆண்டு அனுபவமுள்ள தொழில்நுட்பப் பணியாளரை வாடிக்கையாளர் தொலைபேசி மையத்தில் உட்காரவைத்தார்கள். சிலருக்கு வேலையே கொடுக்காமல் விட்டார்கள். 2008, 2009 ஆண்டுகளில் ஊழியர்களின் தற்கொலைகள் நாட்டையே உலுக்கின. பாரிஸ் நீதிமன்றம் 39 பேருடைய நிலைமையை எடுத்து விசாரித்தது. அதில் 19 பேர் இறந்துபோனவர்கள். 2019 டிசம்பரில் முன்னாள் தலைவர் டிடியே லொம்பார் உள்ளிட்டோர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. நிறுவனமே திட்டமிட்டு நடத்திய மனரீதியான துன்புறுத்தல் இது என்று நீதிமன்றம் சொன்னது. பிரான்சின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் அதை உறுதிசெய்தது.

அந்த நிறுவனத்தில் மனநலம் தொடர்பான பயிற்சி இல்லாமல் இல்லை என்பது இந்த வழக்கில் என்னை மிகவும் உறுத்திய விஷயம். ஆயிரக்கணக்கான மேலாளர்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். நெருங்கியவரை இழந்த ஒருவர் துக்கத்தில் கடக்கும் படிநிலைகளை வரைந்து காட்டி, வேலை போகும் ஊழியரும் இப்படித்தான் மறுப்பார், கோபப்படுவார், கடைசியில் ஏற்றுக்கொள்வார் என்று சொல்லிக் கொடுத்தார்கள். உளவியலை ஆட்களை வெளியேற்றும் கருவியாகவும் பயன்படுத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். ஆகவே 'எங்கள் மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறோம்' என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, எதற்காகக் கொடுத்தீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஜப்பான் வேறு வழியில் போனது. அதிக வேலையால் வரும் மரணங்களும் தற்கொலைகளும் அங்கே பல பத்தாண்டுகளாக நீதிமன்றம்வரை போன விஷயம். 2015 டிசம்பர் முதல், 50 அல்லது அதற்கு மேல் ஊழியர்கள் உள்ள பணியிடங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மன அழுத்தப் பரிசோதனை நடத்த வேண்டும் என்பது சட்டம். ஒருவருடைய முடிவு அவருடைய சம்மதம் இல்லாமல் முதலாளிக்குப் போகாது. அழுத்தம் அதிகம் என்று வந்தால் மருத்துவரைச் சந்திக்கக் கேட்கலாம். அந்த மருத்துவரின் கருத்தைக் கேட்டு, வேலை நேரத்தைக் குறைப்பது, வேலையை மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை நிறுவனம் செய்ய வேண்டும். ஒரு பிரிவில் உள்ள எல்லோருடைய முடிவுகளையும் பெயரில்லாமல் தொகுத்துப் பார்த்தால் எந்தப் பிரிவில் வேலைமுறையே நோயாக இருக்கிறது என்பதும் தெரியவரும். ஆனால் அப்படித் தொகுத்துப் பார்ப்பதைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. முயற்சி செய்யுங்கள் என்ற அளவில் விட்டுவிட்டது. என் பார்வையில் மிகப் பயனுள்ள பகுதி அதுதான்.

உலக சுகாதார நிறுவனம் 2022 செப்டம்பரில் பணியிட மனநலத்துக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழக்கிறது என்ற கணக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அந்த ஆவணத்தில் உள்ள வரிசை அதைவிட முக்கியமானது. முதலில் வேலைச்சுமை, வேலை நேரம், மிரட்டல், வேலையில் தனக்கென்று முடிவெடுக்கும் இடம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். அப்புறம் மேலாளர்களுக்குப் பயிற்சி, ஊழியர்களுக்குப் பயிற்சி. நோயுற்றவர் வேலைக்குத் திரும்ப உதவி. நடைமுறையில் நாம் தலைகீழாகச் செய்கிறோம். அக்டோபர் 10 உலக மனநல நாளன்று ஒரு வகுப்பு, ஒரு பேனர், குழுப் புகைப்படம். மறுநாள் இரவு பதினொரு மணிக்கு அதே மேலாளரிடமிருந்து வாட்ஸ்அப் செய்தி.

திண்ணையும் பெஞ்சும்

அலுவலகங்களை விட்டு ஊர்ப்புறத்துக்கு வந்தால், சாதாரண மக்களின் பயிற்சி என்ன சாதிக்கும் என்பதற்கு நம்பிக்கையான சான்றுகள் கிடைக்கின்றன. ஜிம்பாப்வேயின் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா, தன்னிடம் சிகிச்சைக்கு வர வேண்டிய ஓர் இளம்பெண் பஸ்ஸுக்குக் காசில்லாமல் வர முடியாமல் போய்த் தற்கொலையால் இறந்ததை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மருத்துவமனைக்கு வா என்று சொல்வது போதாது, உதவி அவர்கள் தெருவுக்குப் போக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. நாடு முழுவதற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல மருத்துவர்களே இருந்த நேரம். 2006-ல் ஹராரேயின் ம்பாரே பகுதியில், சுகாதார மையத்தில் ஏற்கெனவே வேலை பார்த்துவந்த 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, மையத்தின் முற்றத்தில் மர பெஞ்சுகளைப் போட்டார். அதுதான் 'நட்பு பெஞ்ச்'.

பாட்டிகள் செய்வது வெறும் ஆறுதல் பேச்சு அல்ல. வந்தவரிடம் அவர்கள் மொழியிலேயே உருவாக்கிய 14 கேள்விகளைக் கேட்பார்கள். நிலைமை மோசமாக இருந்தால் செவிலியரிடம் அனுப்புவார்கள். மற்றவர்களோடு சில வாரங்கள் உட்கார்ந்து, பிரச்சினைகளைப் பட்டியல் போட்டு, அதில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்த வாரம் அதற்கு என்ன செய்யலாம் என்று அவரையே யோசிக்கவைப்பார்கள். புருஷன் குடிக்கிறார், வேலையில்லை, எச்.ஐ.வி. இருக்கிறது, வாடகை பாக்கி என்று நான்கு சுமைகளோடு வருகிறவர், வாடகை விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போவார். 573 பேரை வைத்து நடத்திய சோதனை 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் ஏறக்குறைய 50 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் 14 சதவீதத்துக்கும் குறைவு.

நம் நாட்டிலேயே கோவாவில் சங்காத் அமைப்பு இதையொத்த வேலையைச் செய்தது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சகாக்களும் 1996-ல் தொடங்கிய அமைப்பு அது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களை ஆலோசகர்களாகத் தயார்செய்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமர்த்தினார்கள். கடுமையான மனச்சோர்வில் இருந்த 495 பேரிடம் நடந்த சோதனையில், மூன்று மாதம் கழித்து ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் அது 39 சதவீதம். இந்த எண்களைவிட, அவை எப்படி வந்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஆலோசகர்களுக்கு மூன்று வார வகுப்போடு பயிற்சி முடியவில்லை. அதன் பிறகு பல மாதம் களப்பழக்கம். வாரந்தோறும் ஒன்றாகக் கூடி, பதிவுசெய்த தங்கள் உரையாடல்களைப் போட்டுக் கேட்டு, ஒருவர் வேலையை மற்றவர் மதிப்பிட்டார்கள். ஒரு நாள் பட்டறையில் வராதது இதுதான்: தவறினால் திருத்த ஆள் இருப்பது, தாங்க முடியாததைக் கேட்டுவிட்டு வந்தால் இறக்கிவைக்க இடம் இருப்பது.

இந்த வழி இந்தியாவுக்குப் புதிதும் இல்லை. 1970-களிலேயே பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் மருத்துவர்கள் பக்கத்தில் இருந்த சகலவாராவிலும், சண்டிகர் மருத்துவர்கள் ஹரியாணாவின் ராய்ப்பூர் ராணியிலும் கிராமச் சுகாதாரப் பணியாளர்களை வைத்து மனநலப் பணியைச் சோதித்துப் பார்த்தார்கள். 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. கர்நாடகாவின் பெல்லாரி மாவட்டத்தில் கிடைத்த அனுபவத்தை வைத்து 1996-ல் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியபோது அதில் ஒன்று திருச்சி. யாழ்ப்பாணத்தில் போர் நடந்த காலத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவருடன் இருந்தவர்களும் ஆசிரியர்களுக்கும் கிராம மட்டப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுத்து, மருத்துவரே இல்லாத இடங்களில் துயரப்பட்டவர்களுக்குத் துணை நிற்க வைத்தார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல அமைப்பு 2010-லிருந்து ஒரு பஸ்ஸையே சிகிச்சைக் கூடமாக மாற்றி ஊர் ஊராக அனுப்பியது. உள்ளே இருக்கும் திரையில் சென்னை மருத்துவர் பேசுவார், அங்கேயே மாத்திரை கிடைக்கும். வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடித்து, அடுத்த மாதமும் வரவைத்தவர்கள் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் மகனைப் பற்றித் தாய் முதலில் சொல்வது அவர்களிடம்தான்.

இத்தனை முன்னோடிகள் இருந்தும், 2015–16-ல் நிம்ஹான்ஸ் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு என்ன சொன்னது? நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை. அறிவு இல்லாததால் வந்த இடைவெளி அல்ல இது. முயற்சிகள் திட்டமாகத் தொடங்கும், பணம் வரத் தாமதமாகும், மாவட்ட உளவியலாளர் பணியிடம் காலியாகக் கிடக்கும், பயிற்சி பெற்ற செவிலியர் மாற்றலாகிப் போவார். இப்படித்தான் பல நல்ல தொடக்கங்கள் தேய்ந்தன.

யாருக்குப் போகிறது பயிற்சி?

இந்தியாவில் பணியிட மனநலம் என்று சொன்னதும் கண்முன் வருவது ஐ.டி. அலுவலகம். அங்கே தேவை இல்லை என்று சொல்லவில்லை. நள்ளிரவு ஷிஃப்டும் எப்போதும் தலைக்கு மேல் தொங்கும் ஆட்குறைப்பும் என்ன செய்யும் என்பது சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்க்கிற எவருக்கும் தெரியும். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையைப் பாருங்கள். அந்த ஆண்டு தற்கொலையால் இறந்த 1,70,924 பேரில் 26 சதவீதத்துக்கும் மேல் தினக்கூலிகள். நான்கில் ஒருவருக்கும் அதிகம். மாநிலங்களில் மகாராஷ்டிராவுக்கு அடுத்து இரண்டாமிடத்தில் தமிழ்நாடு. எச்.ஆர். என்ற மனிதவளப் பிரிவு இருக்கும் இடத்துக்குப் பயிற்சி போகிறது, எச்.ஆர். என்ற சொல்லையே கேள்விப்படாதவர்கள் சாகிறார்கள். சித்தாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கும், பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கும், வாரம் ஏழு நாளும் வண்டி ஓட்டும் உணவு டெலிவரி இளைஞருக்கும் 'பணியிடம்' எது? அவர்களுக்கு மனசு பற்றிப் பேச வேண்டியவர் மேஸ்திரியா, சூப்பர்வைசரா, செயலியா?

தினக்கூலியின் துயரத்தில் கடன் இருக்கும், குடி இருக்கும், மழைநாளில் வேலையின்மை இருக்கும். கேட்கும் காது தேவைதான். ஆனால் கந்துவட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது மூச்சுப்பயிற்சி சொல்லித்தருவது அவரை அவமதிப்பதாகும். குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் நடக்கும் ஆத்மீயதா திட்டத்தை நான் உயர்வாக நினைப்பதற்குக் காரணம் இதுதான். அங்கே பயிற்சி பெற்ற கிராமத்துத் தன்னார்வலர்கள் ஆலோசனையோடு நிற்பதில்லை. விதவை உதவித்தொகை, ஊனமுற்றோர் உதவி போன்ற அரசு உதவிகளுக்கு விண்ணப்பம் போடவும் கூட வருகிறார்கள். மனச்சோர்வின் பாதி மனுவில் தீரும் என்றால் மனுவும் சிகிச்சைதான்.

அமைப்பை மாற்றினால் உயிர் தங்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா, தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்கள் தொலைபேசியிலும் நேரிலும் பேசுவதற்கான அமைப்பு. அதன் தன்னார்வலர்களும் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்தான். பொதுத்தேர்வு முடிவு வரும் நாட்களில் வரும் அழைப்புகளைக் கேட்டுக் கேட்டு, அவர்கள் கவுன்சிலிங்கோடு நின்றுவிடவில்லை. தோற்ற மாணவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே மறுபடி எழுத வழிசெய்யுங்கள் என்று அரசை வலியுறுத்தினார்கள். உடனடித் துணைத் தேர்வு வந்தது. ஒரு வருடம் போச்சு என்று நினைக்கிற பிள்ளைக்கு ஒரு மாதத்தில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது என்பது எந்த அறிவுரையாலும் கொடுக்க முடியாத ஆறுதல். கேட்டுப் பழகிய காதுகள் கேட்டதை மேலே கொண்டுபோய்ச் சொன்னதால் நடந்த மாற்றம் இது. பணியிடங்களிலும் இதே வழி வேண்டும். ஒரே மேலாளருக்குக் கீழே மூன்று பேர் அழுதுகொண்டு வந்தார்கள் என்றால், பயிற்சி பெற்ற ஊழியர் அதைப் பெயர்களை வெளியிடாமல் எங்கே சொல்வார்? சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து இல்லையா?

சட்டம் ஓரளவு துணைக்கு இருக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் மருத்துவக் காப்பீடு கொடுக்க வேண்டும். ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனநோயில் பெரும்பாலானோருக்குத் தேவைப்படுவது மாதாமாதம் மருத்துவரைப் பார்ப்பதும் ஆலோசனையும்தான். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டம். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவே இல்லை. இது இன்னும் பலருக்குத் தெரியாது. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து உண்மையை மறைத்து, தேவையான மனநல சிகிச்சையையும் தவறவிடும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு பயிற்சியில் மூளையின் ரசாயனம் பற்றி அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில் இதைச் சொல்லலாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது என்பதையும் சொல்லலாம்.

உங்கள் அலுவலகத்திலோ சங்கத்திலோ பள்ளியிலோ இப்படி ஒரு பயிற்சி வரப்போகிறது என்றால், நடத்துபவரிடம் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். பயிற்சி பெற்றவர் ஒருவரை அனுப்ப வேண்டிய இடம் எது, அங்கே எத்தனை நாளில் பார்ப்பார்கள், யார் பணம் கொடுப்பார்கள்? சொன்ன விஷயம் எச்.ஆர். காதுக்குப் போகாது என்பதற்கு எழுத்தில் என்ன உத்தரவாதம்? ஆறு மாதம் கழித்து மறுபடி கூடுவோமா? கேட்டவரின் மனசு கனத்துப் போனால் அவரை யார் கவனிப்பார்கள்? பயிற்சி நாளுக்குச் சம்பளப் பிடித்தம் உண்டா? கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம். திருப்பூரில் பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கு அதுதான் முதல் கேள்வி.

இனி தமிழ்நாட்டில் எங்கிருந்து தொடங்கலாம் என்று யோசித்தால், புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை என்று தோன்றுகிறது. 1994-லிருந்து கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் இருக்கிறது. பதிவுக்கும் உதவித்தொகைக்கும் தொழிலாளர்கள் எப்படியும் தேடி வருகிற இடம் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மகளிர் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டுக்கே போகிறார்கள். எந்த வீட்டில் யார் சாப்பிடாமல் படுத்திருக்கிறார்கள், எந்த வீட்டில் சத்தம் அதிகம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெருவில் அவர்களை 'அக்கா' என்று கூப்பிடுகிறார்கள். ஹராரேயின் பாட்டிகளுக்கு இணையான ஆட்கள் நம்மிடம் ஏற்கெனவே தெருத்தெருவாக இருக்கிறார்கள் என்பதே இதன் பொருள். ரத்த அழுத்தம் பார்க்கும்போதே தூக்கம், நாட்டம், வாழும் ஆசை பற்றி ஒன்பது கேள்விகள் கேட்க அவர்களைப் பழக்கலாம். ஆனால் அதற்கு முன் அவர்களுக்குக் கொடுக்கும் ஊக்கத்தொகையைக் கூட்ட வேண்டும், வீடுகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர் வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார நேரம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணியிடம் காலியாக இருக்கும் மாவட்டங்களில், கேள்வித்தாள் அச்சடிப்பதற்கு முன் ஆளை நியமிக்க வேண்டும்.